உள்ளே விட எதற்கு ஆதாரம்?

பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்த என் மகனுக்கு,

நீ வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன், மறுபடி வருவாய் என்று. வரவில்லை. சரி, சார் கிளாஸுக்குப் போயிருப்பார். நான் சொல்ல வந்ததில் கால்வாசிகூட முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற கைதான். ஆனால் இத்தனை வருஷம் இட்லி மடித்துக் கொடுத்த பேப்பரையெல்லாம் படித்துவிட்டுத்தான் மடித்தேன். பேசுகிற தமிழ் ஒன்று, எழுதுகிற தமிழ் ஒன்று என்பது எனக்கும் தெரியும். இரண்டும் எனக்கு வரும். சனிக்கிழமை என்னோடு இருக்க வந்த உன் மகள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மடித்திருக்கிறேன், ஒட்டவில்லை. படித்து முடித்து, திங்கட்கிழமை சாயங்காலம் உங்கள் ஆசிரியர் அறை மேசைமேல் போடு. எல்லோரும் படிக்கட்டும். எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. வெட்கப்பட வேண்டியவர்கள் படும்படி இதில் கொஞ்சம் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை. முட்டி போய்க் கடையை விட்ட பிறகு அந்த நேரத்தில் எனக்கு வேலை ஏது? வாசலில் முறத்தைப் போட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். படியேறி ஒரு பெண் வந்து நின்றாள். யூனிபார்ம், ரெட்டைப் பின்னல், ரிப்பன், முதுகில் பை. வகுப்பில் இருக்க வேண்டிய நேரத்தில் படிக்கட்டில் நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குக் கைவேலை ஓடாது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"இட்லிக்கட ஆயா நீதான?"

"கடையே இல்ல, இட்லிக்கு எங்க போறது? டோல்கேட்டாண்ட ஓட்டல் கீது, போ."

"இட்லி வாணாம் ஆயா. நீ ஸ்கூலுக்கு வருவியாமே? கீழ் வூட்டு அக்கா சொல்லிச்சு. அம்மா வர முடிலன்னா நீதான் வருவியாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடை போய்விட்டது, முட்டி போய்விட்டது, அந்தப் பேர் மட்டும் இன்னும் போகவில்லை. உனக்குத் தெரியாத கதை இல்லை. மேசைமேல் எடுத்துப் படிக்கப்போகிற சார்களுக்கும் டீச்சர்களுக்கும் சொல்கிறேன். எங்கள் வரிசையில் பெண்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். ஒருத்தி தீப்பெட்டிக் கம்பெனி, ஒருத்தி காசிமேட்டில் இறால் உரிக்க, ஒருத்தி ஆஸ்பத்திரி துடைக்க. ஆண்கள் ஹார்பர், இல்லாவிட்டால் லாரி. நான் மட்டும் இருட்டோடு அடுப்பு மூட்டி ஷிஃப்டு ஆட்களுக்கு இட்லி போட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்கு அணைத்துவிடுவேன். பகலில் கூப்பிட்டால் குரல் கொடுக்கிற பெரிய ஆள் அந்த வரிசையில் நான் ஒருத்திதான். 'வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வா' என்று வாத்தியார் சொன்னால் பிள்ளைகள் நேராக என் அடுப்படிக்கு வருவார்கள். நானும் வேறு புடவை சுற்றிக்கொண்டு கிளம்புவேன். ஒருவனுக்குப் பெரியம்மா, ஒருத்திக்கு அத்தை, நிறையப் பேருக்கு அம்மா. பெற்றவளுக்குத் தெரியாமல் ஒரு நாளும் போனதில்லை. 'எக்கா, ஒரு எட்டு போயிட்டு வாயேன்' என்று அவர்களே சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் வந்ததும் வாத்தியார் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்துவிடுவேன். திட்டு விழ வேண்டியவனுக்கு விழும். எனக்கு ஒரே ஒரு சட்டம்தான்: என்னிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு பொய் சொல்லி, அங்கே என்னை ஒரு பொய் சொல்ல வைத்தால் அப்புறம் அந்தப் பிள்ளைக்கு நான் யாருமே இல்லை.

இவளிடமும் அதைத்தான் கேட்டேன்.

"உள்ளத சொல்லு. இன்னா பண்ண?"

"லேட்டு ஆயா."

"ஒரு நாளா?"

"டெய்லி."

பேர் மோனிஷா. பத்தாவது. எண்ணூர் பக்கம் குடியிருந்தவர்கள், வீட்டு ஓனர் காலி செய்யச் சொன்னதில் இங்கே நம் வீட்டுக்கு இரண்டு பிளாக் தள்ளிக் குடி வந்திருக்கிறார்கள். பத்தாவது நடுவில் யார் பள்ளிக்கூடம் மாற்றுவார்கள்? அதனால் பழைய பள்ளிக்கூடத்துக்கே பஸ்ஸில் போகிறாள். அம்மாவுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காண்ட்ராக்ட்டில் துடைக்கிற வேலை. கம்பெனி பஸ் விடிவதற்குள் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்பா கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். ஒன்றாவது படிக்கிற தம்பி ஒருவன். அவன் பள்ளிக்கூடத்துக் கேட் திறக்கிறவரை அவனோடு நின்று, உள்ளே விட்டுவிட்டுத்தான் இவள் பஸ் பிடிக்க வேண்டும். அப்புறம் ரோடு முழுக்க டிரெய்லர். அந்த வரிசை என்றைக்கு நகர்ந்தது, இவள் என்றைக்கு நேரத்துக்குப் போவது?

"இத்த அப்டியே போய் சாராண்ட சொல்றதுதான?"

"வூடு மாறிட்டோம்னு சொல்லத்தான் போனேன் ஆயா. அவரு கண்ணாடிய கயட்டி, சட்ட நுனில தொடச்சிகினே, 'ம்ம்… காரணம்?'ம்பாரு. நாம வாய தொறக்கறதுக்குள்ள போர்டாண்ட திரும்பிடுவாரு. 'காரணமெல்லாம் உங்கம்மா வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் கிளாஸ் கிடையாது'ன்னுட்டாரு."

அவள் அதை நடித்துக் காட்டினாள். இல்லாத கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைத்து, தலையைச் சாய்த்து, 'ம்ம்… காரணம்?' கீரை என் கையிலேயே நின்றுவிட்டது. ஆறாவதில் உனக்குக் கண்ணாடி போட்ட நாளிலிருந்து அந்தச் சட்டை நுனி அழுக்கைக் கசக்கித் துவைத்த கை இது. எந்தப் பள்ளிக்கூடம், சார் பேர் என்ன என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். உன் பேரைச் சொன்னாள்.

நான் உன் அம்மா என்று அவளிடம் சொல்லவில்லை. நீ மாதவரம் பக்கம் பிளாட் வாங்கிப் போன பிறகு வந்த குடும்பம், அவளுக்குத் தெரிய வழியில்லை. சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு படியிறங்கிப் போயிருப்பாள். எனக்கு மிச்சத்தையும் கேட்க வேண்டியிருந்தது. நாலைந்து நாளாக வீட்டில் ஒன்றும் சொல்லாமல் யூனிபார்மோடு கிளம்பி, பாதி வழியில் திருவொற்றியூரில் இறங்கி, கோயில் குளத்தங்கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். புத்தகத்தை விரித்தும் காட்டினாள். அவள் கடைசியாக வகுப்பில் கேட்ட பாடத்துக்கு அப்புறம் வருகிறது எல்லாம் அவளாகவே போட்டது. சிலதில் பக்கத்தில் பென்சிலால் சுழித்திருந்தாள்.

"இது இன்னா?"

"வராத கணக்கு. உள்ள விட்டாங்கன்னா சாராண்ட கேக்கலாம்னு."

"அந்த சாரு மேல கோவமே இல்லியா உனுக்கு?"

"சார் சூப்பரா நடத்துவாரு ஆயா. இன்னா, மொத ரெண்டு பெஞ்ச பாத்துதான் நடத்துவாரு. நாங்க பின்னாடிலேர்ந்து கேட்டுக்குவோம்."

குறையாகச் சொல்லவில்லை அவள். மின்விசிறி முன் பெஞ்சுக்கு மேல் மாட்டியிருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். என்னைக் குத்தியது அதுதான்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் அவள் அம்மாவைப் பிடித்தேன். பெண் வகுப்புக்கு வெளியே நிற்கிறாள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சொன்னால் அம்மா லீவு போட்டுவிடும், போட்டால் வேலை போய்விடும் என்று பயந்து பெண் மறைத்திருக்கிறாள்.

"ஒரு நாள் வரலன்னா சூப்பர்வைசரு வேற ஆள ஏத்திகினு போயிடுவான்க்கா. மறுநாளு பஸ்ஸுல என் சீட்டுல வேற எவளாவது குந்திகினு இருப்பா."

"அவங்கப்பா?"

"லைன்ல கீறாரு. ஹார்பர் கேட்டுக்கு வெளிய. எறங்கனா பின்னாடி கீற வண்டிக்காரன் சும்மா இருப்பானா? அவுருக்கு மட்டும் இது தெரிஞ்சுச்சு, 'போதும், வூட்ல குந்தி தம்பிய பாத்துக்கட்டும்'னுடுவாரு. ஏற்கெனவே அத்தத்தான் சொல்லிகினு கீறாரு. நீ போயிட்டு வாக்கா. உனுக்குப் புண்ணியமாப் போவும்."

"புண்ணியம்லாம் வாணாம். நாளைக்கு அந்த சாரு எதுனா கேட்டா, நீதான் அனுப்பனேன்னு ஒரு வார்த்த சொல்லு."

சொல்கிறேன் என்றாள். இதுதான் நிலைமை. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். இந்தப் பெண் இந்த வாரம் உள்ளே வராவிட்டால் அப்புறம் வரவே மாட்டாள். யாரும் அவளை நிறுத்த வேண்டியதில்லை; தானாக நின்றுவிடுவாள்.

வெள்ளிக்கிழமை உன் இன்டர்வெல் நேரம் பார்த்துப் போன் போட்டேன். நீ பேசியதை எழுத்துக்கு எழுத்து மனசில் வைத்திருக்கிறேன். உன் மகளுக்கு எத்தனையாவது மாதத்தில் பல் முளைத்தது என்று கேட்டால் தடுமாறுவேன். என்னை யார் எந்த இடத்தில் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் போகாது.

"யாரும்மா உன்கிட்ட சொன்னது இதெல்லாம்?"

"யார் சொன்னா இன்னா? அந்தப் பொண்ணு வெளிய நிக்குதா, இல்லியா?"

"ரூல்மா. அடிக்கடி லேட்டுன்னா பேரன்ட் வந்து பேசணும். எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

"அவங்களால வர முடிலன்னா? வேற யார்னா வந்தா?"

"யாரு வேணா வரலாம்னா நாளைக்கு எவனோ ஒருத்தன் மாமான்னு வந்து நிப்பான். பொம்பளப் புள்ளைங்க படிக்கிற இடம். ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது நான். பெத்தவங்க, ஆதார் கார்டோட வரணும். இது உன் இட்லிக்கடைப் பஞ்சாயத்து இல்லம்மா. பெல் அடிச்சிடுச்சு, வெச்சிடறேன்."

வைத்துவிட்டாய். இட்லிக்கடைப் பஞ்சாயத்து என்றாயே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ அந்தக் கடையில் தட்டு கழுவியிருக்கிறாய், பார்த்திருப்பாய். விடியற்காலையில் கும்பல் நெருக்கும். எனக்கு வரிசை ஒரு பொருட்டில்லை. ஷிஃப்டுக்குப் போகிறவனுக்குத்தான் முதல் தட்டு. ஷிஃப்டு முடிந்து வந்தவன் காத்திருக்க வேண்டும். ஒருத்தன் சண்டைக்கு வந்தான்: "இன்னாக்கா, மொதல்ல வந்தது நானு, தட்டு அவனுக்கா?" நான் சொன்னேன்: "நீ தூங்கப் போற. அவன் சைரனுக்கு ஓடறான். குந்துய்யா, உனுக்கு சட்னி ஜாஸ்தியா ஊத்தறேன்." முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுவாரம் அவனுக்குக் காலை ஷிஃப்டு. முதல் தட்டு அவனுக்குத்தான் போனது. அன்றைக்கு அவன் என்னிடம் நியாயம் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். முன் பெஞ்சுப் பையனின் அப்பாவுக்கு பைக் இருக்கிறது, ஆபீஸில் சொல்லிவிட்டு வந்து, உன்னோடு நாலு வார்த்தை பேசி, திரும்பிப் போய்விடுவார். மோனிஷாவின் அப்பா இறங்கினால் வரிசை போகும். அம்மா வந்தால் வேலை போகும். ஒரே ரூல்தான், ஆனால் ஒருவனுக்கு அது கால்மணி நேர வேலை, இன்னொருத்திக்கு அது குடும்பத்தின் சோறு. அதை ஒன்று என்று எப்படியடா சொல்கிறாய்? அதுவும் கணக்கு வாத்தியார்?

யாரோ ஒருவன் மாமா என்று வந்து நிற்பான் என்று சொன்னாய். அது சரி. அதை நான் மறுக்கவில்லை. பெண்ணைப் பெறாதவள் என்றாலும் எத்தனையோ பெண்களுக்கு நடுவில் இருந்தவள், எனக்கும் அந்தப் பயம் தெரியும். மத்தியானத்தில் எவனாவது வந்து 'பொண்ண அனுப்புங்க' என்றால் விடாதே. கார்டு கேள், போட்டோ கேள், பெற்றவளுக்குப் போன் போட்டுக் குரலைக் கேள். ஒரு பிள்ளையை வெளியே அனுப்ப ஆயிரம் ஆதாரம் கேள். உள்ளே விட எதற்கடா ஆதாரம்? அவள் உன் பிள்ளை என்று உன் வருகைப் பதிவில் இருக்கிறது. அந்த முகத்தை நாலு வருஷமாகப் பார்க்கிறாய். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு அந்தப் பெண்ணை நாலைந்து நாள் குளத்தங்கரையில் தனியாக உட்கார வைத்தாயே, அங்கே எவனாவது மாமா என்று வந்திருந்தால்? அதற்கு யார் பதில் சொல்வது?

படிக்கட்டில் நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் கைவேலை ஓடாது என்று சொன்னேன் அல்லவா, அதைச் சொல்கிறேன். நான் ஏன் அஞ்சாவதோடு நின்றேன் என்று நீ கேட்டதில்லை. படிப்பு ஏறவில்லை என்று நினைத்திருப்பாய். ராயபுரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சுலோச்சனா டீச்சர் என்று ஒருவர். தலை வாராமல், குளிக்காமல் வருகிறேன், கலீஜாக இருக்கிறேன் என்று சொல்லி, அம்மாவைக் கூட்டி வந்தால்தான் உள்ளே என்றார். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அம்மா வீட்டு வேலைக்குப் போயிருந்தாள், அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். யாரைக் கூட்டி வருவது? தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று ஜன்னல் வழியாகப் பாடம் கேட்டேன். டீச்சர் கேள்வி கேட்டால் வெளியிலிருந்து எனக்குப் பதில் தெரியும். வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அப்புறம் ஜன்னலைச் சாத்தினார்கள். அதே வாரம் தங்கச்சிக்குக் காய்ச்சல், அவளைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும் என்றார்கள். இருந்துவிட்டேன். என்னை யாரும் துரத்தவில்லை. பேரை வெட்டவில்லை. ஒரு ஆளைக் கூட்டி வரச் சொன்னார்கள், கூட்டி வர ஆள் இல்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று கேட்டு அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஈ, காக்காய் வரவில்லை. சுலோச்சனா டீச்சர் நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நல்ல பாட்டு பாடுவாராம். நான் அவரை மன்னிக்கவில்லை.

இனி உன் கதை. நீ மறந்திருக்க மாட்டாய். யாரிடமும் சொல்லியிருக்கவும் மாட்டாய். நான் சொல்கிறேன். எட்டாவதில் ஒருவன் உன்னை 'புளிச்ச மாவு, புளிச்ச மாவு' என்று கூப்பிட்டான். நீ அவன் மூக்கில் ஒரு குத்து விட்டாய். ரத்தம். பெற்றவர்களோடு வந்தால்தான் வகுப்பு என்றார்கள். உன் அப்பா லாரியோடு ஆந்திரா போயிருந்தார். நான் வேறு புடவை சுற்றிக்கொண்டு வந்தேன். தலைமையாசிரியர் என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"போன மாசம் வேற ஒரு பையனுக்கு அம்மாவா வந்தியேம்மா? அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணுக்கு?"

"அது வேற சார். இவன் எம் புள்ள. நான் பெத்த புள்ள."

"நீ யாருக்குத்தான் அம்மா இல்ல?" என்றார். அங்கிருந்த வாத்தியார்கள் எல்லோரும் சிரித்தார்கள். உன்னைக் கேட்டார், "டேய், இது யாரு?" நீ அழுதுகொண்டே, "எங்கம்மா சார், சத்தியமா எங்கம்மா" என்றாய். அவர் சொன்னார்: "இதையேதான்டா எல்லாப் பசங்களும் சொன்னானுங்க. போய் நெஜ அம்மாவக் கூட்டினு வா."

ஊரில் இருக்கிற பிள்ளைக்கெல்லாம் அம்மாவாக நின்றவள், பெற்ற பிள்ளைக்கு அம்மா என்று சொல்லி நிற்க முடியவில்லை. ரோடு முழுக்க நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏம்மா எல்லாருக்கும் போன?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. தெரு முனையில் மளிகைக்கடை அண்ணாச்சி பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மனிதர், பெற்ற தாய் செத்த நாள் தவிர பகலில் கடையை மூடியதில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டார். வெள்ளைச் சட்டை ஒன்றை மாட்டினார், நெற்றியில் திருநீறு பூசினார். "வாலே, நான் உனக்கு மாமனாக்கும்" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார், நீ வகுப்பில் இருந்தாய். அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டு டீ வாங்கிக் கொடுத்தாராம் தலைமையாசிரியர்.

"என்ன சொன்னீங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"தாய்மாமன்னு சொன்னேன். ஒத்தப் பொய்தானக்கா! நீங்க எம்புட்டுச் சொல்லிருப்பிய."

அவர் செய்ததை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனால் அந்த நாற்காலியையும் மறக்க மாட்டேன். பொய் மாமனுக்கு நாற்காலி, நிஜ அம்மாவுக்குச் சிரிப்பு. அன்றைக்கு ஆதாரம் கேட்டவர்கள் வெள்ளைச் சட்டையைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தலைமையாசிரியர் இப்போது உயிரோடு இல்லை. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். திட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நீ இன்று உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கு உன்னைக் கூட்டிப்போனது எந்தக் கார்டும் இல்லை. பெறாத ஒரு மனிதர், பகல் வியாபாரத்தை மூடிவிட்டு வந்தார். அப்படி ஒருவரை இன்று நீ உன் கேட்டில் நிறுத்தி, 'நீங்க யாரு?' என்று கேட்பாய்.

நீ கெட்ட வாத்தியார் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும். பரீட்சை வந்தால் ஞாயிற்றுக்கிழமையும் போய் நடத்துகிறாய் என்று மருமகள் என்னிடம் எத்தனை முறை குறைப்பட்டிருக்கிறாள். பிள்ளைகள்மேல் கை வைத்ததில்லை. அதனால்தான் உன்னிடம் இவ்வளவு சொல்கிறேன். கெட்டவனிடம் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு நாள் நீ நடத்திக்கொண்டிருக்கும்போதே உன் கண் எங்கே போகிறது என்று நீயே பார். முன் பெஞ்சில் தலையாட்டுகிறவனைப் பார்த்தால் நடத்துகிறவனுக்குச் சுகமாகத்தான் இருக்கும். எனக்கும் கடையில் 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டுத் தின்கிறவனைத்தான் பிடிக்கும். ஆனால் பேசாமல் பாதித் தட்டோடு எழுந்து போகிறவனைப் பார்த்தால்தான் மாவு சரியில்லை என்று எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் போய் நின்றுகொண்டு ஒரு பாடம் நடத்திப் பார். இல்லாவிட்டால் பெஞ்சை மாற்று, ஒவ்வொரு வாரமும் வேறு வேறு பிள்ளைகள் முன்னால் வரட்டும். லேட்டாக வருகிறவளைக் கதவில் நிறுத்தி நாற்பது பேர் முன்னால் காரணம் கேட்காதே. முதலில் உள்ளே வந்து உட்காரச் சொல். பெல் அடித்த பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேள். கேட்டால் பதில் வருகிறவரை நில். 'ம்ம், காரணம்?' என்று கேட்டுவிட்டு போர்டு பக்கம் திரும்புகிறவனுக்குக் காரணம் வேண்டாம், கேட்டேன் என்ற பேர் மட்டும் போதும். கண்ணாடியை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம்.

பெற்றவர்களைப் பார்க்க வேண்டும் என்றால் அவர்கள் வருகிற நேரத்தில் நீ போ. ஒரு நாள் சாயங்காலம் உன் பள்ளிக்கூடத்துப் பக்கம் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நின்று பார். உன் வகுப்பின் பாதி அம்மாக்கள் அதிலிருந்துதான் இறங்குவார்கள். உன்னைப் பார்த்ததும் பயப்படுவார்கள். சார் வந்தால் பிள்ளை ஏதோ தப்பு செய்திருக்கிறது என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். 'உங்க பொண்ணு கணக்கு நல்லா போடறா' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார், அந்த முகங்கள் என்னவாகின்றன என்று. அந்தக் கேள்விக்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை என்றேனே, 'நீ ஏம்மா எல்லாருக்கும் போன?' என்று கேட்டாயே. வேறு யாரும் இல்லை, அதனால் போனேன். அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இப்போதும் அதற்காகத்தான் வருகிறேன்.

ஆமாம், வருகிறேன். திங்கட்கிழமை. 'வராதே' என்று போன் போடாதே, எடுக்க மாட்டேன். மோனிஷாவோடு கிளம்பி, தம்பியை அவன் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அவள் பிடிக்கிற அதே பஸ்ஸைப் பிடித்து, அதே டிரெய்லர்களுக்குப் பின்னால் நின்று வருவோம். லேட்டாகத்தான் வருவோம். அவள் எதனால் லேட் என்று என் முட்டிக்கும் தெரியட்டும்.

வாட்ச்மேனிடம் நான் சாருடைய அம்மா என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கேட் அந்த நிமிஷமே திறக்கும், யாராவது ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார்கள். அந்தக் கதவு எனக்கு வேண்டாம். சாருடைய அம்மா இரண்டு பிளாக் தள்ளிக் குடியிருந்தால்தான் திறக்கும் என்றால், மற்ற பிள்ளைகள் எங்கே போவார்கள்? நான் போய்விட்டால் மறுபடி சாத்திக்கொள்ளும். நீயும் என்னைப் பார்த்ததும் 'அம்மா' என்று எழுந்து வராதே. எல்லோருக்கும் முன்னால் கேள்: 'நீங்க இந்தப் பொண்ணுக்கு யாரு?' 'மோனிஷா வூட்லேர்ந்து வந்துகீறேன் சார்' என்பேன். அது பொய் இல்லை. அவள் அம்மா அனுப்பித்தான் வருகிறேன். கார்டு கேட்டால் என் கார்டில் உன் அப்பா பேர்தான் இருக்கும், அவள் பேர் இருக்காது. காட்ட மாட்டேன்.

உனக்கு அப்போது என்ன தோன்றுகிறதோ செய். ரூலை விட முடியாது என்றால் என்மேல் காட்டு. அவளை உள்ளே அனுப்பிவிட்டு என்னை வெளியே நிறுத்து. சாயங்காலம் பெல் அடிக்கிறவரை நிற்கிறேன். எனக்கு நின்று பழக்கம். அவளுக்குப் பழக வேண்டாம்.

இப்படிக்கு,
திங்கட்கிழமை ஒரு நாள் தவிர
மற்ற எல்லா நாளும்
உன் அம்மா